இரண்டு நாள் வந்த தசமி

நேற்றுக் காலை பல் தீட்டிக்கொண்டிருந்தபோது கைபேசி கோயில் மணிபோல அடித்தது. எடுத்துப் பார்த்தேன். ஆனித் தேய்பிறைத் தசமி நான் இருக்கும் கிரான்பர்னில் எத்தனை மணிக்குத் தொடங்கும், எத்தனை மணிக்கு முடியும் என்று நிமிடம் பிசகாமல் காட்டியது. போன மாதம் வந்த என் நண்பனின் மகள் வசந்தி செய்துவிட்டுப் போன வேலை. தன் அப்பப்பாவின் திதியை என் கைபேசியில் பதிந்துவிட்டு, "நவ் யூ காண்ட் கோ ராங், அங்கிள்" என்று சிரித்தாள். அவளுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. நான் விட்ட ஒரேயொரு பிழையை மட்டும் அந்தக் குடும்பம் இன்னும் மறக்கவில்லை. (ஒரேயொரு பிழை என்று சொல்வது நான்.)

அது 1974. திகதியைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் யாராவது பஞ்சாங்கத்தை எடுத்துச் சரிபார்ப்பீர்கள். நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன். அப்போது எனக்கு எல்லாவற்றையும் நாட்குறிப்பில் எழுதிவைக்கும் வியாதி. முதல் ஆலங்கட்டி மழை விழுந்த நேரம்கூட இருக்கிறது. பாலம் கட்டும் அலுவலகமொன்றில் படம் வரையும் வேலை. மெல்பேணின் டண்டினோங்கில் என் நண்பன் குலத்தின் வீட்டில் ஓர் அறையில் இருந்தேன்.

குலமும் மனைவியும் விடியவே வேலைக்குப் போய்விடுவார்கள். குழந்தை வசந்தியைப் பார்த்துக்கொள்ள யாழ்ப்பாணத்திலிருந்து குலத்தின் தாயார் வந்திருந்தார். எனக்கு அவர் மாமி. வந்து ஒரு மாதத்துக்குள் குசினி அவர் ஆட்சிக்குள் போய்விட்டது. செத்தல் மிளகாய் வறுக்கும் நாளில் அடுத்த வீட்டுக்காரர் மதிலுக்கு அப்பால் தும்முவார். மாமி இங்கிருந்தே "சொறி, சொறி" என்பார். இரண்டு பேருக்கும் இடையில் நடந்த முழு உரையாடலும் அவ்வளவுதான்.

தும்மல் என்றதும் மாமியின் கணவர் நினைவுக்கு வருகிறார். அவரை நான் கண்டதில்லை. புகையிரத நிலைய அதிபராக இருந்தவர்; தும்மினாலும் மணி பார்த்துத்தான் தும்முவார் என்பான் குலம். பன்னிரண்டரைக்குச் சோறு மேசையில் இருக்க வேண்டும். "ரெயில் பிந்தலாம் தம்பி, இவருக்குச் சோறு பிந்தக்கூடாது" என்று மாமி சொல்வார். முறைப்பாடா பெருமையா என்று அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஓய்வுபெற்று, இறந்தும் போன அந்த மனிதருக்காக மெல்பேணிலும் பன்னிரண்டரைக்குத்தான் உலை இறங்கியது.

அந்த ஆண்டு அவருடைய திவசம் நெருங்கியபோதுதான் சிக்கல் தொடங்கியது. கப்பல் தபாலில் ஊர்ப் பஞ்சாங்கம் வந்து சேர்ந்திருந்தது. தசமி வியாழன் பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கி வெள்ளி ஒரு மணிக்கு முடிகிறது என்று போட்டிருந்தது. ஆனால் அது யாழ்ப்பாணத்து மணி. மெல்பேணில் எந்த நாள் மத்தியானம் படைப்பது?

"பிழையான நாளில படைச்சா அவர் வந்து வெறும் மேசையைப் பார்த்திட்டுப் போவார்" என்றார் மாமி. சிரிக்கவில்லை. இங்கு வந்த முதல் ஆண்டு திவசத்தை நாள் சரியாகத் தெரியாமல் குத்துமதிப்பாகச் செய்து, அந்த வருடம் முழுக்க மனம் உழன்றவர்.

இப்படியொரு வேலைக்காகத்தானே நான் பிறந்தேன்? படத்தாளை விரித்து, பூமியை வரைந்து, கோடுகள் கிழித்து, இரண்டு ஊருக்கும் நாலரை மணித்தியால வித்தியாசம் என்று கண்டேன். அதுவரை சரி. பிறகு அந்த நாலரையைக் கூட்டுவதற்குப் பதில் கழித்துவிட்டேன். வியாழன் காலை ஒன்பதரைக்குத் தசமி பிறந்துவிட்டது.

"வியாழன்தான் மாமி. சந்தேகமே இல்லை."

மாமி படத்தை நெடுநேரம் பார்த்தார். "வடிவாக் கீறியிருக்கிறீர்" என்றார்.

திவசத்துக்கு வீட்டார் உண்ணும் முன் வெளியாள் ஒருவருக்கு உணவளிக்க வேண்டும். அந்த நாளில் டண்டினோங்கில் ஐயருக்கு எங்கே போவது? நான்தான் வெளியாள். வியாழனுக்கு அரைநாள் லீவு கேட்டு வாங்கினேன். வெள்ளி வரைபடம் ஒப்படைக்கும் நாள், அசையவே ஏலாது என்றும் மாமியிடம் சொல்லிவைத்தேன்.

பன்னிரண்டரைக்குப் படையல். வாழையிலைக்குப் பதில் கோவா என்ற முட்டைக்கோசின் வெளி இலையில் காகத்துக்குப் பிடி சோறு வைத்தார். வேலியில் வந்து குந்தியது மாக்பை என்ற இந்நாட்டுப் பறவை. கறுப்பும் வெள்ளையுமாக அது தலையைச் சரித்து எங்களைப் பார்த்தது.

"இது அரைக் காகம்" என்றார் மாமி.

நான் பூசணிக்காய்க் கறியை இரண்டாம் முறை கேட்டேன். அகப்பை வரவில்லை. "காணும் தம்பி. மிச்சம் வைக்கோணும்." அந்த வீட்டில் போதும் என்ற சொல்லை நான் அதற்குமுன் கேட்டதில்லை. அதையும் நாட்குறிப்பில் எழுதினேன்.

பின்னேரம் ஆறரைக்குக் குலம் பதிந்துவைத்திருந்த தொலைபேசி அழைப்பு கிடைத்தது. மறுமுனையில் கொழும்பில் அவனுடைய தங்கை. இணைப்பு சரியில்லாததால் அவள் சொன்னதையெல்லாம் இவன் திரும்பக் கத்தினான்.

"என்ன? அங்க இப்பதான் ரெண்டு மணியோ? இப்பதான் தசமி தொடங்குதோ? நாளைக்கோ படைக்கிறியள்?"

நான் கதிரையில் இருந்தபடியே சுருங்கினேன். மாமி தலை நிமிராமல் வசந்தியின் பின்னலை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை மன்னிப்புக் கேட்கவென்று குசினிக்குப் போனேன். அடுப்பில் பருப்புக் கொதித்தது. மற்றப் பாதிப் பூசணிக்காய் பலகையில் வெட்டிக் கிடந்தது.

"மாமி, முதலே தெரியுமோ?"

"ஓம். காலமை தேத்தண்ணி போடேக்க, மகள் அங்க இன்னும் நித்திரை எண்டு நினைக்கிறனான். ஒவ்வொரு நாளும். அப்ப இஞ்சத்தானே நேரம் முந்தி? கூட்டத்தானே வேணும்?"

"அப்ப ஏன் சொல்லேல்ல?"

"நீர் லீவு எடுத்துப்போட்டீரே."

வேலைக்குப் புறப்பட்ட குலம் எட்டிப் பார்த்து, "இண்டைக்கும் மரக்கறியோ?" என்றான்.

"வெள்ளிக்கிழமை வேறென்னடா?" என்று மாமி அவனை அனுப்பிவிட்டு என்னிடம் ஓர் அடுக்குப் பாத்திரத்தை நீட்டினார். "கந்தோரில வைச்சுச் சாப்பிடும். பன்னிரண்டரைக்கு. பிந்தாதேயும், அவருக்குப் பிடிக்காது."

அலுவலகத்தில் வரைபலகையைத் துடைத்து அதில் சாப்பிட்டேன், சரியாகப் பன்னிரண்டரைக்கு. பக்கத்து மேசைக்காரர் மோப்பம் பிடித்துக்கொண்டு வந்து, யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டார். ஒருவர் இறந்த நாள் என்றேன். அவர் தன் சான்ட்விச்சைப் பார்த்துக்கொண்டே திரும்பிப் போனார். வரைபடம் ஒரு மணித்தியாலம் பிந்தியது.

பின்னேரம் வந்ததும் கேட்டேன். "காகம் வந்ததோ மாமி?"

"வந்தார்" என்றார் மாமி. "நேரத்துக்கு வந்தார். முழுக் கறுப்பு."

இப்போது அந்த வீடு இல்லை. இடித்து இரண்டு மாடியில் ஆறு குடித்தனம் கட்டியிருக்கிறார்கள். கப்பல் தபாலில் பஞ்சாங்கம் வருவதில்லை. தும்முவதற்கு மதிலுக்கு அப்பால் ஆளுமில்லை, வறுப்பதற்கு இப்பால் ஆளுமில்லை. மாமி போய் நெடுங்காலம். அவர் போன திகதியும் மணியும் என் நாட்குறிப்பில் இருக்கின்றன.

இன்று தசமி. பன்னிரண்டரைக்குச் சோறும் பூசணிக்காய்க் கறியும் வைத்தேன். கைபேசி பிழை விடாது என்பதால் பாதிப் பூசணிக்காயை மிச்சம் வைக்கவில்லை. கறி முழுவதையும் நானே சாப்பிட்டேன். காணும் தம்பி என்று சொல்ல ஒருவரும் இல்லை.