பச்சையைத் தொட்டால் சிவப்பு: தேனியிலிருந்து சுருளிப்பட்டிக்கு ஓர் அவசரப் பயணம்

கம்பத்திலிருந்து சுருளிப் பாதையில் போகிறவர்கள் பெரும்பாலும் அருவியில் குளிக்கத்தான் போவார்கள். போன ஞாயிற்றுக்கிழமை நான் போனது என் போன் செய்த வேலைக்குப் பதில் சொல்ல. சொல்லாவிட்டால் மகளின் சம்பந்தம் கைநழுவிப் போகும் நிலைமை.

முதலில் போனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாலு மாதத்துக்கு முன் தேனி கடைவீதியில் ஒன்பதாயிரத்து ஐந்நூறு கொடுத்து வாங்கிய தொடுதிரை போன். பட்டன் போனே போதும் என்றாள் மனைவி. அவள் எட்டாவது, நான் பத்தாவது. அந்த இரண்டு வகுப்புத் திமிரில் வாங்கினேன். ஒரு மாதம் கழித்து, நான் ஓரிடத்தைத் தொட்டால் அது பக்கத்து இடத்தைத் தொட்டதாக எடுத்துக்கொள்ள ஆரம்பித்தது. பச்சையைத் தொட்டால் சிவப்பு. சிவப்பைத் தொட்டால் ஸ்பீக்கர். எப்போதாவது ஒழுங்காக வேலை செய்யும். குறிப்பாகக் கடைக்காரர் முன்னால். அவர் என் கையைத் திருப்பிப் பார்த்து, விரல் காய்த்துப்போயிருக்கிறது, அதுதான் போனுக்குத் தெரியவில்லை என்றார். மரக்கடையில் பலகை தூக்கும் கை வேறு எப்படி இருக்கும்? அதையும் நம்பி ஒரு வாரம் விரலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினேன். விரல் பளபளத்தது. போன் அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிழமை சுருளிப்பட்டியிலிருந்து மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். திராட்சைத் தோட்டக் குடும்பம். கேட்பதற்கு முன்பே மகள் தானாக "பிடிச்சிருக்குப்பா" என்று சொன்ன முதல் இடம் அது. சனிக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளையின் அப்பா போன் செய்தார். பச்சையைத் தொட்டேன், கட் ஆனது. மறுபடி அடித்தார், மறுபடி கட். மூன்றாவது தடவை விரலைத் துண்டில் துடைத்துவிட்டுப் பயபக்தியோடு தொட்டேன். கட்.

வெளியூர்க்காரர்களுக்கு இதில் என்ன என்று தோன்றும். எங்கள் பக்கம் பெண் வீட்டாருக்கு இஷ்டமில்லை என்றால் அதை வாயால் சொல்ல மாட்டார்கள். போனை எடுக்க மாட்டார்கள். அவ்வளவுதான் பதில். மேற்கொண்டு கேட்பது மரியாதை இல்லை. பதறிப்போய் மனைவியின் பட்டன் போனிலிருந்து அவர்களைக் கூப்பிட்டோம். இப்போது அவர்கள் எடுக்கவில்லை. அதற்கும் அர்த்தம் அதேதான்.

ஞாயிறு காலையில், இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த என் மைத்துனன் வடுகபட்டியிலிருந்து நேரிலேயே வந்து நின்றான்.

"என்ன மச்சான், எம்மொகத்துல கரியப் பூசிட்டீகளே. அவுக இன்னைக்கி மத்தியானம் போடிக்கு வேற பொண்ணு பாக்கக் கெளம்புறாக."

போன் பண்ணிய கூத்தைச் சொன்னேன். நீ பேசேன் என்றேன். நான் சொன்னால் இனிமேல் எடுபடாது, நீங்களே போங்கள் என்றான்.

தேனி பேருந்து நிலையத்தில் ஒன்பதே முக்காலுக்குக் கம்பம் பஸ் ஏறினேன். நாற்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். இடதுபக்க சீட்டில் உட்காருங்கள். சின்னமனூரை ஒட்டி மேகமலை பச்சையாகக் கூடவே வரும். நான் அதைப் பார்க்கவில்லை. உத்தமபாளையம் வரும்போது என் சட்டைப் பைக்குள் டார்ச் தானாக எரிந்தது. பஸ்ஸே என் நெஞ்சைப் பார்த்தது. அணைக்கத் தெரியாமல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டேன்.

கம்பத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ. சுருளிப்பட்டிக்கு ஏழு கிலோமீட்டர், இருபது ரூபாய். அருவிக்கா என்று டிரைவர் கேட்டார். நான் போக வேண்டிய வீட்டைச் சொன்னதும் திரும்பிப் பார்த்து, "அங்கன வேன் வந்து நிக்கிதேண்ணே, போடிக்கிப் போக" என்றார். கொஞ்சம் வேகமாகப் போகச் சொன்னேன். பாவம், பின்னால் இருந்த மூன்று பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள்.

வீட்டு வாசலில் வேன் நின்றது. தட்டில் பூவும் பழமும் ஏறிக்கொண்டிருந்தன. என்னைப் பார்த்ததும் எல்லாரும் அப்படியே நின்றார்கள். ஆனாலும் வாங்க என்று கூப்பிட்டு, தண்ணீர் கொடுத்து, உட்கார வைத்தார்கள். அந்த மரியாதைதான் அதிகமாகச் சுட்டது. போன் செய்த கொடுமையை முழுவதும் சொன்னேன். மாப்பிள்ளையின் அப்பா பொறுமையாகக் கேட்டார்.

"அப்பிடியா? இங்கன வச்சே பாத்துருவோம்" என்று தன் போனிலிருந்து எனக்கு அடித்தார்.

பச்சையைத் தொட்டேன். முதல் தொடுதலிலேயே எடுத்துவிட்டது. "ஹலோ" என்று நான் சொன்னது அவர் போனில் தெளிவாகக் கேட்டது. என் ஆயுளில் அவ்வளவு அதிர்ச்சியான ஹலோ சொன்னதில்லை.

"நல்லாத்தான எடுக்குது" என்று அவர் எழுந்து வேட்டியைச் சரிசெய்தார். நான் போனைப் பைக்குள் போட்டேன். வியர்வையில் சட்டை நனைந்திருந்தது. பைக்குள்ளேயே அது யாருக்கோ போன் போட்டிருக்கிறது. ஏங்க, ஏங்க என்று என் மனைவியின் குரல். அவசரமாக எடுத்துச் சிவப்பைத் தொட்டேன். ஸ்பீக்கர் விழுந்தது. மறுபடி தொட்டேன், சத்தம் கூடியது.

"அவுககிட்டச் சொல்லிட்டீகளா, இல்ல வாயில கொழுக்கட்டய வச்சுக்கிட்டு உக்காந்திருக்கீகளா? புள்ள நேத்துலருந்து பச்சத்தண்ணி குடிக்கல. அந்த எழவு போன வாங்காதீகன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டீகளா? அவுக நம்மள வேணாம்னு சொன்னாக்கூடப் பரவால்லங்க. நாம அவுகள வேணாம்னு சொன்னதா நெனச்சிரக் கூடாது."

வேனுக்குள் உட்கார்ந்திருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா வந்து என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"மதினி, நாந்தான் பேசுறேன். வேணாம்னு சொல்லவா மூணு தடவ அடிச்சோம்? மொதல்ல புள்ளைக்கிச் சோத்தப் போடுங்க."

அந்தப் பக்கம் மனைவி அழுவது ஸ்பீக்கரில் கேட்டது. மாப்பிள்ளையின் அப்பா வேனைத் திரும்பிப் பார்த்தார். போடிக்காரர்களுக்குத் தகவல் சொல்லச் சொல்லிவிட்டு, "வண்டிக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு. தட்டும் ஏத்தியாச்சு. தேனிக்கே விடப்பா" என்றார்.

திரும்பும்போது எனக்கு டிக்கெட் செலவு இல்லை. வேனில் முன்சீட்டு. மேகமலையை அப்போதுதான் பார்த்தேன்.

சுருளிக்குப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கம்பத்திலிருந்து அருவி பத்துக் கிலோமீட்டர் இருக்கும். கிளம்புமுன் தண்ணீர் வருகிறதா, குளிக்க விடுகிறார்களா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். வழியில் சுருளிப்பட்டியில் தோட்டத்திலேயே பன்னீர் திராட்சை கிடைக்கும். சில்லறையாகப் பணம் வைத்திருங்கள், போனை நம்பிப் போகாதீர்கள். புதுப் போன் வாங்குகிறவர்கள் கடையிலேயே உங்கள் விரலால் பத்துத் தடவை எடுத்து, பத்துத் தடவை கட் பண்ணிப் பாருங்கள். திரையை மாற்ற, வாங்கிய விலையில் பாதி கேட்கிறார்கள். கல்யாணச் செலவு இருக்கிறது, எனவே அதே போன்தான் வைத்திருக்கிறேன்.

அழைப்பிதழ் கிடைத்து யாராவது என்னைக் கூப்பிட்டு, நான் கட் பண்ணினால் கோபித்துக்கொள்ளாதீர்கள். எடுக்கப் பார்க்கிறேன் என்று அர்த்தம்.