அம்மா என்னை நினைக்காத நேரம்

அம்மாவுக்கு என்மேல் பாசமே கிடையாது என்று நான் முடிவு கட்டியது மூன்றாம் வகுப்பு முடிந்த கோடை லீவில்.

வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில், தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் மெஷினில் அவளுக்கு வேலை. ஷிப்டுக்குக் கிளம்பும் முன் புத்தர் படத்துக்கு எதிரே கண்ணை மூடி உட்கார்ந்து மூச்சைக் கவனிப்பாள். விகாரையில் கற்றுக்கொண்டது. அப்போது நான் என்ன கத்தினாலும் திரும்ப மாட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எதிர் அறையில் வாடகைக்கு இருந்த தென்காசி அக்காவுக்கும் அதே லைன்தான். ஒருநாள் அவள் விரலில் பெரிய கட்டோடு வந்தாள். பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. விகாரையில் பிக்கு எனக்குக் கட்டிவிட்ட வெள்ளைக் காப்பு நூலை அவிழ்த்து, மறுநாள் காலை, கண்மூடி உட்கார்ந்திருந்த அம்மாவின் மணிக்கட்டில் முடிச்சுப் போட்டேன். அவள் அசையவே இல்லை. கம்பெனி பஸ் ஹாரன் அடித்ததும் எழுந்து ஓடிவிட்டாள்.

பெருமை தாங்காமல் அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

“ஏட்டி, கையில நூலா கட்டிவிட்ட? வளையலையே கழத்தச் சொல்லுவாங்க. மெஷின்ல சிக்குனா கையோட இழுத்துரும்லா!”

அய்யோ! கம்பெனிக்குள் போனதும் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். சொல்லியனுப்ப வழியில்லை. ஒரகடம் ரோட்டில் ஆம்புலன்ஸ் கத்தும்போதெல்லாம் அது அம்மாவுக்குத்தான் என்று வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தேன். பொழுது சாயும் முன்பே பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினேன், காலில் செருப்புகூட இல்லை.

எல்லாரும் இறங்கிய பிறகு கடைசியாக அம்மா இறங்கினாள். பாய்ந்து கையைப் பிடித்தேன். விரல்கள் இருந்தன. நூல் இல்லை.

“நீ முடிச்சு போடறப்பவே தெரியும். பஸ்ஸுலயே அவுத்துட்டேன்” என்று டிபன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

அதோடு நான் வாயை மூடியிருக்கலாம்.

“உள்ள என்னிய நெனச்சியாம்மா?”

“ஊஹூம், ஒருவாட்டி கூட இல்ல. கை எங்க கீதோ மனசும் அங்கதான் இருக்கணும். அந்த அக்கா ஊர்ல கீற தம்பிய நெனச்சிகினு நின்னுச்சி, அடிபட்டுச்சி.”

நாளெல்லாம் நான் அவளை நினைத்துச் செத்துக்கொண்டிருந்தேன். அவள் என்னை ஒருமுறைகூட நினைக்கவில்லையாம்! வீடு வரை தேம்பிக்கொண்டே வந்தேன். சோற்றைப் பிசைந்து ஊட்ட வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அம்மா மறுகையால் என் கண்ணைத் துடைத்தாள். அந்த இரண்டு கையும் எப்படி முழுசாக வீடு வந்து சேர்ந்தன என்று எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை. பாசமில்லாத அம்மா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே வாயைத் திறந்தேன்.