வலி நின்றபோது

வடக்கே குடிபெயர நினைப்பவர்கள் ஆலோசனை கேட்டால், காலணியை வீட்டுக்குள் வையுங்கள் என்றுதான் முதலில் சொல்வேன்.

டெக்சாஸின் காப்பெலிலிருந்து அலாஸ்காவுக்கு வேலை மாறி வந்த முதல் பனிக்காலம். வழக்கம்போல் வாசலுக்கு வெளியே கழற்றிவிட்ட பூட்ஸ் இரவெல்லாம் உறைந்திருந்தது. காலையில் அதையே மாட்டிக்கொண்டு பேருந்துக்குக் காத்திருந்தேன். கால்விரல்கள் வலித்தன, பிறகு வலி நின்றது. பழகிவிட்டதென்று நினைத்தேன்.

அலுவலகத் தோழி ரேவதி காரை நிறுத்தி, உறைபனி படிந்த என் பூட்ஸைப் பார்த்தாள்.

"என்னடி, கால் வலிக்குதா?"

"அப்பவே நின்னுடுச்சு. இப்ப ஓகே."

"லூசு, வலிக்கலைன்னாதான் டேஞ்சர்! குளிர்ல விரல் மரத்துப்போச்சுன்னு அர்த்தம். ஏறு, எமர்ஜென்சி போலாம்."

விரல்கள் பிழைத்தன. உணர்வு திரும்பும்போது வலியில் கதறினேன்.

அன்றிரவு அம்மா தொலைபேசியில் கேட்டாள்: "தனியா கஷ்டமா இல்லையாடி?"

வாராவாரம் நான் சொல்லும் பதில், "பழகிடுச்சும்மா." அன்று அதைச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது.