பெரிய வெள்ளியில இடிச்ச அண்டிப்பருப்பு உருண்டை

ரீத்தாவப் பத்தி எங்க கடப்புறத்துல என்ன பேசுறாளுவண்ணு எனக்குத் தெரியும். பெரிய வெள்ளிக்கிழமை ஒலக்கையத் தூக்குனவளாம், தெய்வ பயம் இல்லாதவளாம், திமிரு பிடிச்சவளாம். பேசுறவளுவ எல்லாரும் வருசா வருசம் ஈஸ்டருக்கு அவ பிடிச்ச அண்டிப்பருப்பு உருண்டைய வாங்கித் தின்னவளுவதான். தின்னும்போது இனிச்சுது, இப்பம் கசக்கோ? நான் அவளுக்க அடுத்த வீட்டுக்காரி. நடந்ததப் பூரா கண்ணால பாத்தவ.

ரீத்தாவுக்க மாப்பிள்ளையக் கடல் கொண்டு போகும்போது மொவ செசிலி தவழுற பிள்ளை. அதுக்காக அவ மூலையில கெடந்து அழல்ல. பனையோலைக் கடவத்தத் தலையில எடுத்தா. மீனைச் சுமந்துகிட்டு கோட்டாறு சந்தைக்கு நடந்தா. விலையக் குறைச்சுக் கேட்டவன வாயாலயே விரட்டுவா. மிச்சம் வாற மீன தோப்பு விளை வீடுகள்ல குடுத்துட்டு, பதிலுக்கு கொல்லாம் அண்டி, அதான் முந்திரிக் கொட்டை, வாங்கிட்டு வருவா. அண்டியச் சுட்டுத் தோட உடைச்சுப் பருப்பு எடுக்கிறது லேசுப்பட்ட காரியமில்ல, கேட்டியளா. அதுக்க எண்ணெ தெறிச்ச இடமெல்லாம் தோலு உரிஞ்சு போவும். அவளுக்க ரெண்டு கையும் அப்பிடித்தான் கறுத்துக் கெடந்துது.

அவ பிடிக்கிற உருண்டைக்குப் பாகு வேண்டாம், நெய் வேண்டாம், அடுப்பே வேண்டாம். கருப்பட்டிய இடிச்சுப் பொடியாக்கி முதல்ல ஒதுக்கி வைக்கணும். பொறவு பருப்ப உரல்ல போட்டு, மாவா ஆக்காம, ஒண்ணு ரெண்டாத் தெரியுத மட்டுக்கு இடிக்கணும். எண்ணெ கசிஞ்சு வரும்போது கருப்பட்டியும் சுக்கும் ஏலக்காயும் சேத்து இன்னும் நாலு இடி. இடிச்ச சூடு ஆறுமுன்ன உள்ளங்கையில வச்சு அமுக்குனா கெட்டியா நிக்கும். ஆறவிட்டா உதிரும். அவ்வளவுதான் வேலை.

இதையெல்லாம் அவ ஈஸ்டருக்கு முந்தின புதன்கிழமையே முடிச்சிருவா. எதுக்குண்ணா, பெரிய வெள்ளி அண்ணு எங்க ஊர்ல அடுப்பும் எரியாது, உரலும் இடிபடாது. சேசுவுக்க கையில ஆணி அடிச்ச நாளு. அந்த மாதிரிச் சத்தம் எந்த வீட்டுலயும் கேக்கப்பிடாது. மறுநாள் கோயில் மணி அடிக்கிற வரைக்கும் விறகுகூட வெட்டமாட்டோம்.

தொள்ளாயிரத்து முப்பத்திமூணாம் வருசம் அந்தப் புதன்கிழமை அவ ஒலக்கையத் தொடல்ல. செசிலிக்கும், ஊர்த்தலைவர் ததேயுஸுக்க மொவன் சகாயத்துக்கும் கல்யாணம் பேசி முடிச்சிருந்தாவ. ஈஸ்டர் கழிஞ்சதும் கோயில்ல கல்யாண அறிவிப்பு ஓலை வாசிச்சு, கெட்டிக் குடுக்க வேண்டியது. தகப்பன் இல்லாத பிள்ளைக்குத் தலைவர் வீட்டுச் சம்பந்தம். ரீத்தா இத்தன வருசம் கடவம் சுமந்ததே இதுக்குத்தான். அப்பிடி இருக்கும்போது, திங்கக்கிழமை கட்டுமரத்துல போன சகாயமும் அவனுக்க சித்தப்பன் மரியஜானும் கரை வரல்ல. காத்து மாறியடிச்சுது. மருமொவனாகப் போறவன் கடல்ல கெடக்கும்போது யாருக்கு உருண்டை பிடிக்க மனசு வரும்? பருப்பு பானைக்குள்ள அப்பிடியே கெடந்துது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஊரு மொத்தமும் கோயில்ல சிலுவைப்பாதையில நிக்குது. நானும் ரீத்தாவும் செசிலியும் மட்டும் கடக்கரையில கடலப் பாத்துக்கிட்டு நிக்கோம். அப்பம் அவனுவ போன கட்டுமரம் வந்து கரையில மோதுச்சு. ரெண்டு பேரும் அதுல பிணம் மாதிரிக் கெடந்தானுவ. உதடு வெடிச்சு, நாக்கு வீங்கிப் போயிருந்துது. மூணு பேருமாப் பிடிச்சு ரீத்தாவுக்க வீட்டுல கொண்டு கெடத்தினோம். இளநி வெட்டி ஊத்தினோம். மரியஜான் அந்தால கண்ண மூடிக் காய்ச்சல்ல புலம்பத் தொடங்குனான். சகாயம் வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சுருண்டான். ஒரு பருப்ப வாயில வச்சுக் குடுத்தா, கடிக்க முடியாம ரத்தத்தோட துப்புனான்.

"கஞ்சி வைக்கட்டாட்டி?" நான் ரீத்தாகிட்டக் கேட்டேன்.

"அடுப்பு சாம்பலாக் கெடக்கு. அது வேகுறதுக்குள்ள இவன் போயிருவான். பானைய எடு."

"இண்ணைக்கு ஒலக்கையத் தொடப்பிடாதுல்லா."

"சேசுவுக்கும் பசிண்ணா என்னண்ணு தெரியும். நான் அவருகிட்டச் சொல்லிக்கிடுதேன். நீ எடு ஏட்டி."

அண்ணு அவ ஒண்ணு ரெண்டா இடிக்கல்ல. மெழுகு மாதிரி இடிச்சா. இளநி தெளிச்சுச் சின்னச் சின்னதா உருட்டிக் குடுக்க, செசிலி அவனுக்க தலைய மடியில வச்சு ஊட்டுனா. அவன் விழுங்க விழுங்க முகத்துல உயிர் வந்துது. ஊரு முழுக்க மூச்சுச் சத்தம் இல்லாத நேரத்துல ஒலக்கைச் சத்தம் கோயில் வரைக்கும் போயிருக்கு. முதல்ல ஓடி வந்தது ததேயுஸுதான். திட்டத்தான் வந்தாரு. மொவன் வாயசைச்சுத் தின்னுறதப் பாத்ததும் வாசல்லயே உக்காந்து ஏங்கி ஏங்கி அழுதாரு. இத நான் பாத்தேன். இல்லண்ணு எவனும் சொல்லட்டும், நாக்க இழுத்து வச்சு அறுப்பேன்.

ஊர்க்காரங்க சும்மா இருப்பாவளா? தலைவருக்க மொவனுக்குண்ணா பெரிய வெள்ளியிலயும் உரல் இடிபடும், நமக்குண்ணா தண்டனையாண்ணு குசுகுசுத்தாவ. ததேயுஸுக்குத் தலைமை ஆட்டம் கண்டுது. ஈஸ்டர் பூசை முடிஞ்சு கோயில் முத்தத்துல ஊர்க்கூட்டம் போட்டாரு. மொவன எழுப்பி நிறுத்தி, எல்லாருக்க முன்னாலயும் கேட்டாரு.

"அண்ணு நீ என்னல தின்ன?"

சகாயம் குனிஞ்ச தலை நிமிரல்ல. "ஒண்ணும் தின்னல்லப்பா. இளநி மட்டும் குடிச்சேன்."

பாவிப்பய. பொய் சொல்லுததுக்கு அந்த வாய்க்குத் தெம்பு குடுத்ததே அவளுக்க உருண்டைதான். சித்தப்பன் மரியஜான் அப்பமும் காய்ச்சல்ல சுயபுத்தி இல்லாமக் கெடந்தான். அப்போ யாருக்கு இடிச்சா? தனக்கு வாய் ருசிக்கு இடிச்சாண்ணு ஆச்சு. ததேயுஸு சொன்ன தண்டனை, வாற ஞாயித்துக்கிழமை தலையில முள்முடி வச்சு, கையில மெழுகுவர்த்தியோட, பூசை முடியுற வரைக்கும் கோயில் வாசல்ல முழங்கால்ல நிக்கணுமாம். மாட்டேண்ணா கல்யாணம் இல்லியாம். நான் வாயத் தெறந்தேன். ரீத்தா என் கையப் பிடிச்சு நெரிச்சா.

"மிண்டாத ஏட்டி. எனக்க மொவளுக்க காரியம்."

சந்தையில ஒரு சல்லிக்கு விட்டுக்குடுக்காதவ, அண்ணு தலையக் குனிஞ்சு சரிண்ணு சொன்னா. செசிலி அம்மையையும் சகாயத்தையும் மாறி மாறிப் பாத்தா.

ஞாயித்துக்கிழமை ரீத்தா முள்முடியோட வாசல்ல முழங்கால்ல நிண்ணா. வெயில் ஏறி, நெத்தியில ரத்தமும் வேர்வையும் கலந்து வடிஞ்சுது. உள்ள போறவளுவ சேலை அவமேல படாம ஒதுங்கிப் போனாளுவ. சகாயமும் அந்த வழியாத்தான் உள்ள போனான், மண்ணப் பாத்துக்கிட்டு. எனக்கு அவனுக்க பிடரியிலயே ஒண்ணு வைக்கணும்ணு கை துடிச்சுது.

பூசை முடியும்போது சாமியார் ஓலை வாசிச்சாரு. ததேயுஸ் மகன் சகாயத்துக்கும், ரீத்தா மகள் செசிலிக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கு, தடை ஏதும் தெரிஞ்சவங்க தெரிவிக்கணும்ணு சொல்லி அடுத்த ஓலைய எடுத்தாரு. பொம்பிளையள் பக்கத்துல இருந்து செசிலி எழும்புனா.

"எனக்குத் தெரியும் சாமி."

சாமியார் கண்ணாடியக் கழட்டிட்டுப் பாத்தாரு. ததேயுஸ் பாதி எழும்புனவரு அப்பிடியே நிண்ணாரு.

"எங்க அம்மை இடிச்ச உருண்டைய நான் எனக்க கையால இவருக்கு ஊட்டுனேன்," செசிலி நிதானமாச் சொன்னா. "வயிறு நிறையத் தின்னுட்டு, தின்னல்லண்ணு ஊருக்கு முன்னால சொன்னாரு. நாளைக்கு அவிய அப்பா கேட்டா, என்னையும் கெட்டல்லண்ணு சொல்லுவாரு."

சொல்லிட்டு அவ நடுவழியா நடந்து வாசலுக்கு வந்து, அம்மையக் கக்கத்துல கைகுடுத்து எழுப்புனா. ரீத்தாவுக்க முழங்காலு மரத்துப் போயிருந்துது. மொவளுக்க தோளப் பிடிச்சு நிண்ணுகிட்டு, முள்முடியக் கழட்டி வாசப்படியில வச்சா.

"வா மக்கா," எண்ணு சொன்னா. "வீட்டுக்குப் போவோம்."