தங்கை டீச்சரான கதையும் பறிபோன ஒரு வருஷமும்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தங்களுக்கும், தங்கையோடு வேலை பார்த்த ஆசிரியர்களுக்கும், என் தொழில் நண்பர்களுக்கும் மூத்த அண்ணன் வணக்கம் சொல்லி எழுதுவது. தங்கை போய் வருஷம் ஒன்று ஆகப்போகிறது. மலரில் எனக்கென்று நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். நான் ஐந்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் ஸ்பீக்கர் பெட்டி தூக்கப் போன பையன்தான் இன்றைக்கு மூன்று வண்டியும் பதினான்கு ஆளும் வைத்து சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறேன். மயிலாப்பூரிலும் தி. நகரிலும் என் ஒயர் ஓடாத மண்டபம் கிடையாது. அதைச் செய்தவனுக்கு நான்கு பக்கம் பெரிய வேலை இல்லை. “நல்லதா மட்டும் எழுதுப்பா” என்று என் மகள் சொன்னாள். நல்லதை மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் நடந்ததை எழுதுகிறேன்.

வீட்டில் தங்கையை வாடி போடி என்றுதான் கூப்பிட்டேன். இங்கே மரியாதையோடுதான் எழுதுவேன். டீச்சர் ஆவதற்கு அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

தங்கை பிறந்தது அடையாற்றுக் கரையில் இருந்த எங்கள் குடிசையில். ஐந்து பேரில் கடைசி. எனக்கும் அவருக்கும் பதினேழு வயது வித்தியாசம். அப்பா தவறியபோது தங்கைக்கு நடக்கக்கூடத் தெரியாது. நான் கோடம்பாக்கத்தில் ஒருவரிடம் பெட்டி தூக்கி, ஒயர் சுற்றி, அம்மாவையும் மற்ற நால்வரையும் காப்பாற்றினேன். அப்போது ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. எட்டிப் பார்த்ததாக இப்போது சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் இந்த மலரை வாங்குகிறவர்களிலேயே இரண்டு மூன்று பேர் உண்டு. அவர்களுக்கும் வணக்கம். தங்கையைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்தது நான். கல்யாணம் செய்து வைத்ததும் நான். மாப்பிள்ளை அடிக்கிற ஆள் என்று தெரிந்ததும் நேரே போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்ததும் நான்தான்.

தங்கைக்குக் கனத்த குரல். போனில் பேசினால் எதிரே இருப்பவர் ‘சார்’ என்பார். சின்ன வயதில் அம்மா வேலைக்குப் போகும்போது அவரை என்னோடு மண்டபத்துக்கு அனுப்பிவிடுவார். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்து முழுக் கச்சேரியும் கேட்பார். வீட்டுக்கு வந்ததும் பாதியைத் திருப்பிப் பாடுவார். யாரும் சொல்லித் தந்ததில்லை.

கணவர் வீட்டிலிருந்து வந்த பிறகு மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலைக்குச் சேர்ந்தார். அங்கே பாட்டு டீச்சராக ஓர் அம்மாள் இருந்தார். பெயர் போட மாட்டேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். பாட்டு அம்மாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டு அம்மாள் கச்சேரி செய்கிறவர். ஆறு கட்டையில் பாடுவார். ஹார்மோனியத்தில் கட்டை ஏற ஏறச் சுருதி ஏறும். ஆறு கட்டை என்பது நல்ல உயரம். தனக்குச் சுகமான அந்த உயரத்திலேயே பள்ளிக்கூடம் முழுவதையும் பிரேயர் பாட வைப்பார். ஏழாவது, எட்டாவது பையன்களுக்குக் குரல் உடைகிற வயது. எட்டாது. பின்வரிசையில் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்பார்கள். வருஷக்கணக்காக அப்படித்தான் நடந்திருக்கிறது. அதைக் கவனித்தது தண்ணீர்க் குடத்தோடு ஓரமாக நின்ற ஆயா ஒருவர்தான்.

ஒருநாள் பாட்டு அம்மாள் லீவு. பிரேயரை யாராவது ஆரம்பியுங்கள் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்ல, தங்கை போய் மைக் முன்னால் நின்று நான்கு கட்டையில் எடுத்தார். பின்வரிசைப் பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்களாம். பிறகு பாடினார்களாம். “இன்னிக்குத்தான் மொத்த ஸ்கூலும் பாடியிருக்கு” என்று ஹெட்மிஸ்ட்ரஸ் மைக்கிலேயே சொல்லிவிட்டார். அந்த வார்த்தைதான் வினை.

மறுநாள் வராந்தாவில் பிள்ளைகள் நடுவே பாட்டு அம்மாள் தங்கையை நிறுத்தினார்.

“நேத்து பிரேயர் பாடினது நீதானாமே?”

“ஆமாம்மா. பின்னாடி நிக்கிற பசங்களுக்கு எட்லம்மா. அதான் கொஞ்சம் எறக்கி எடுத்தேன்.”

“சுருதியை எறக்கறதுக்கு நீ யாரு? குடத்தை எறக்கி வை, அது போறும். இந்தக் கொரலை வெச்சுண்டு கொழந்தைகளுக்குப் பாட்டு வேறயா?”

பிள்ளைகள் சிரித்தன. பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

அன்று சாயங்காலம் தங்கை நேரே என் குடோனுக்கு வந்தார்.

“அண்ணா, ஸ்கூல்ல பாட்டு டீச்சர் ஆவணும்னா இன்னா படிக்கணும்?”

“எனுக்கு இன்னா தெரியும்? நான் அஞ்சாவது.”

“டிகிரி படிக்கணுமாம். யூனிவர்சிட்டில. நான் கேட்டுக்கினுதான் வந்தேன்.”

“முப்பத்தாறு வயசுல காலேஜா? உன்ன வாத்தியாரம்மான்னு நெனச்சிக்கினு கிளாசே எழுந்து நிக்கும்.”

“நிக்கட்டும். பழகிக்கட்டும்.”

எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. வேலையை விடச் சொன்னேன்.

வயலின் மாமாவை இங்கே சொல்ல வேண்டும். மந்தைவெளிக்காரர். நான் சவுண்ட் போடும் கச்சேரிகளில் வயலின் வாசிப்பவர். தங்கை படிக்கப் போவதைச் சொன்னதும் பாடிக் காட்டச் சொன்னார். தங்கை மூன்றரைக் கட்டையில் பாடினார். மாமா கண்ணைத் திறக்காமலேயே, “கீழ்ஸ்தாயி என்னமா பேசறது. இந்தச் சாரீரத்தை வேண்டாம்னு சொன்ன மகானுபாவன் யாருடா?” என்றார். “மகானுபாவி மாமா” என்றேன். சிரித்துவிட்டு, மறுநாளே நோட்டோடு வரச் சொன்னார். நுழைவுத் தேர்வுக்கு வேண்டிய கேள்வி பதில், ராக லட்சணம், ஸ்வரம் எழுதும் முறை எல்லாம் அவர் வீட்டில்தான். யூனிவர்சிட்டியில் இடமும் கிடைத்தது.

மூன்று வருஷப் படிப்பு. பகலில் வகுப்பு, சாயங்காலம் என் குடோனில் சாதகம். எழுபத்திரண்டு மேளகர்த்தா ராக அட்டவணையை என் பெரிய ஸ்பீக்கர் பெட்டி மேல் ஒட்டிவிட்டார். அந்தப் பெட்டியை ஆறு மாதம் வாடகைக்கு விடவில்லை நான். ஸ்வரம் எழுதும்போது நீட்ட வேண்டிய இடத்திலெல்லாம் கமா போடுவார்கள். என் ஆட்கள் நோட்டை எட்டிப் பார்த்துக் கிண்டல் செய்வார்கள்.

“இன்னாக்கா, பக்கம் ஃபுல்லா கமாவா கீது. பாட்டு எங்க?”

“கமாலதான்டா பாட்டு மூச்சு வுடுது. நீ ஒயர சுத்து.”

பாடம் நடத்தும் முறையை எழுதிப் பழகும்போது, எந்தப் பாட்டு, எந்த வகுப்பு, எத்தனை பீரியட் என்று எல்லோரும் எழுதுவார்களாம். தங்கை முதல் வரியில் ‘எட்டாத பிள்ளைகள்’ என்று போட்டு, யார் யாருக்கு எவ்வளவு உயரம் வரும் என்று எழுதுவார். அதற்குப் பிறகுதான் சுருதியை முடிவு செய்வார். காது விஷயத்தில் என்னை ஏமாற்ற இந்த ஊரில் ஆள் கிடையாது. சொல்கிறேன், தங்கையின் வேலை சுத்தமான வேலை.

கடைசி வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அந்தப் பள்ளியின் பாட்டு டீச்சர் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் பட்டம்.

“மேற்கு மாம்பலத்துல ஒரு ஸ்கூலு கீதுண்ணா. டிரெயின்ல போய் வந்துருவேன்” என்றார்.

“மாம்பலம் இன்னாத்துக்கு? ஆயாவா நின்ன எடத்துலயே டீச்சரா போய் நில்லு. அந்தம்மா பாக்கணும்.”

“வேணாண்ணா. கையெழுத்து போட வேண்டியது அவங்கதான்.”

“போடாம எங்க பூடுவாங்க? நான் கீறேன்ல.”

இரண்டு நாள் பேசிப் பேசி அவரைச் சம்மதிக்க வைத்தேன். போனார். வகுப்பு நன்றாக நடந்தது. பையன்கள் வாயைத் திறந்து பாடினார்கள். கடைசி நாள் பாட்டு அம்மாள் பதிவேட்டை வாங்கி இரண்டு வரி எழுதினார்: குரல் பள்ளி வகுப்புக்கு ஏற்றதல்ல, பரிந்துரைக்க இயலாது. கீழே கையெழுத்து, அழகான கையெழுத்து. அடுத்த வருஷம் வேறு பள்ளியில் மறுபடி செய்யுங்கள் என்று பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது. நான் இருக்கிறேன் என்று சொன்னவன் இருந்தேன். ஒன்றும் செய்ய முடியவில்லை.

அந்த மார்கழியில் தி. நகரில் ஒரு கச்சேரி. பாடியது பாட்டு அம்மாள். வயலின், நம் மாமா. சவுண்ட், நான். பாடுகிறவர் முன்னால் மானிட்டர் என்று ஒரு சின்ன ஸ்பீக்கர் வைப்போம். தன் குரலும் தம்புராவும் அவருக்கு அதில்தான் கேட்கும். சபைக்குக் கேட்பது வேறு ஸ்பீக்கரில். மூன்றாவது பாட்டில் மானிட்டரில் தம்புராவைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். ஒரேயடியாக இறக்கினால் தெரிந்துவிடும். மெல்ல இறக்கினால் தன் காது மேலேயே சந்தேகம் வரும். வந்தது. அம்மாள் தடுமாறினார், சுருதி விலகியது. முன்வரிசையில் ஒருவர் பக்கத்து ஆளைப் பார்த்தார். நான்கு பேர் கேன்டீன் பக்கம் எழுந்து போனார்கள். மாமா வில்லை நிறுத்தாமல் என்னைப் பார்த்தார். என் வாழ்க்கையில் அவ்வளவு ருசித்த கச்சேரி வேறில்லை.

மாமா வாசிக்கிறார் என்று தங்கையும் வந்திருந்தார். எழுந்து நேரே, நான் சத்தத்தை ஏற்றி இறக்கும் மிக்சர் பலகைக்கு வந்தார்.

“மானிட்டர ஏத்துண்ணா.”

“உனுக்கு ஒரு வருசம் பூடுச்சு. அந்தம்மாவுக்கு ஒரு மணி நேரம் போவட்டும்.”

“என்ன அந்த ஸ்கூலுக்குப் போவச் சொன்னது யாரு?”

தங்கையே கையை நீட்டி ஏற்றினார். அடுத்த வரியில் பாட்டு அம்மாளுக்குச் சுருதி சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு மூன்று மாதம், ‘சாப்டியா’ என்பதைத் தவிரத் தங்கை என்னிடம் பேசவில்லை.

மண்டபத்தில் செய்ததற்கு நான் வருத்தப்படவில்லை. இன்றைக்கும் கை துறுதுறுக்கிறது. மாம்பலம் வேண்டாம் என்று சொன்னதற்குத்தான் வருத்தப்படுகிறேன். அதைச் சொந்தங்கள் முன்னால் எழுதிவிட வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

மறு வருஷம் மாம்பலத்துப் பள்ளியில் பாடம் நடத்தினார். அங்கிருந்த பாட்டு டீச்சர் பதிவேட்டில் ஒரு பக்கம் முழுக்கப் பாராட்டி எழுதினார். பட்டம் வந்தது. ஊருக்கு வெளியே, எங்கள் ஆற்றங்கரைக் குடிசைகளை அகற்றிச் சனங்களைக் கொண்டுபோய்க் குடிவைத்த இடத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலையும் கிடைத்தது. இரண்டு பஸ் மாறிப் போவார். முதல் நாள் போய் வந்து, “நம்ப வீட்டுக்கு எதிர்ல இருந்தாங்களே, அவங்க பேரன் என் கிளாசுல கீறான்ணா. அவனுக்கு அஞ்சு கட்ட வருது” என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

நான்கு வருஷம் டீச்சராக இருந்தார். நான்காவது வருஷத்தில் சிறுநீரகம் போயிற்று. டயாலிசிஸ் இல்லாத நாட்களில் வகுப்புக்குப் போனார். கடைசியில் அதுவும் முடியவில்லை. ஏழாவது வகுப்புக்கு ஆரம்பித்த பாட்டில் பல்லவிதான் முடிந்திருந்தது.

கணக்கு இதுதான். தங்கை டீச்சராக வாழ்ந்தது நான்கு வருஷம். ஐந்தாக இருந்திருக்க வேண்டும். அந்த ஐந்தாவது வருஷம் இரண்டு வரி எழுத்தில் போயிற்று. ஒரு வருஷம்தானே என்று துக்கத்துக்கு வந்த ஒருவர் சொன்னார். ஐந்தில் ஒன்று. அந்தப் பல்லவியில் நின்ற பிள்ளைகளிடம் போய்ச் சொல்லுங்கள் ஒரு வருஷம்தானே என்று.

ஆஸ்பத்திரியில் தங்கை என்னிடம் இரண்டு வாக்கு வாங்கினார். “அவங்க பேர எங்கியும் போடாத. அவங்க பாடும்போது மைக்குல கை வெக்காத.” கொடுத்தேன். கொடுத்த வாக்கை மீறுகிறவன் இல்லை நான். மன்னிக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கஷ்டமாகியிருக்கும்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: மந்தைவெளி வயலின் மாமா, தட்சணையாக ஒரு வெற்றிலைக் கட்டுக்கு மேல் வாங்காதவர். மாம்பலத்துப் பாட்டு டீச்சர். டயாலிசிஸ் வார்டில் தங்கையை ‘டீச்சர்’ என்றே கூப்பிட்ட நர்ஸ் பிள்ளைகள். கடைசி மாதங்களில் ஊசிக்கும் மருந்துக்கும் வண்டி ஓட்டிய என் குடோன் ஆட்கள். தங்கையின் வகுப்பைப் பொறுப்பெடுத்து அந்தப் பாட்டை முடித்துக் கொடுத்திருக்கும் புது டீச்சர். இவர்கள் காலில் விழச் சொன்னாலும் விழுவேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை தங்கையின் நினைவு நாள். பள்ளிப் பிள்ளைகள் அறுபது பேர் மயிலாப்பூர் மண்டபத்துக்கு வந்து, முழுப் பாட்டையும் தங்கை வைத்த சுருதியிலேயே பாடுகிறார்கள். எல்லோரும் குடும்பத்தோடு வர வேண்டும். இந்த மலரின் முதல் பிரதியைப் பாட்டு அம்மாள் வீட்டுக்கு ஆள்விட்டு அனுப்ப மாட்டேன். நானே போய்க் கையில் கொடுப்பேன். மண்டபத்தில் முதல் வரிசையில், நடுவில், அவருக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். அதில் பெயர் ஒட்டவில்லை, வாக்கு இருக்கிறது. அவர் வந்து உட்கார்ந்தால் யார் என்று எல்லோருக்கும் தெரியும். வராவிட்டாலும் தெரியும்.