அண்ணன் வைத்த கேரியர்

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் உப்பளத்தில் வேலை கிடையாது. பாத்திகள் எல்லாம் தண்ணீரில் முழுகிவிடும். கரைமேல் அம்பாரமாகக் குவித்துக் கீற்று மூடி வைத்த உப்பு மட்டும் நிற்கும். அந்த உப்பை வாங்கி மேற்கே இருக்கிற ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்றுத்தான் மழைக்காலத்தை நாங்கள் ஓட்டினோம். என் வீட்டுக்காரருக்குப் பாத்தியில் நின்று நின்று பாதம் வெடித்துப் புண்ணாகிக் கிடக்கும். செருப்பே போட முடியாது. அதனால் விற்கிற வேலை என்னுடையது. சைக்கிளில் ஒரு மூட்டையை வைத்துத் தள்ளிக்கொண்டு பிரம்மதேசம் வரைக்கும் போய்வருவேன்.

கடல் பொங்கி ஊருக்குள் வந்ததற்கு அடுத்த வருஷம், இரண்டாயிரத்து ஐந்தில், சீட்டு எடுத்து ஒரு பழைய மொபெட் வாங்கினோம். அனுமந்தையில் ஒரு மீன் வியாபாரியிடமிருந்து வந்த வண்டி. உப்பளத்து மண்பாதையில் நானே ஓட்டிப் பழகினேன். ஒருமுறை வாய்க்காலுக்குள் விழுந்தேன், எழுந்து மறுபடி ஓட்டினேன். எங்கள் தெருவில் வண்டி ஓட்டிய முதல் பொம்பளை நான்தான்.

வண்டி வந்த பிறகு வேறொரு கவலை வந்தது. சீட்டுக்குப் பின்னால் மூட்டையைக் குறுக்கே போட்டுக் கட்டினால் வழுக்கிக்கொண்டே போனது. வண்டியின் பின்பக்கம் ஆடியது. இரண்டு பக்கமும் தொங்குகிற மாதிரி ஒரு இரும்புச் சட்டம் செய்து, பக்கத்துக்கு ஒரு மூட்டையை நிறுத்தி வைத்தால் ஆடாது என்று எனக்குத் தோன்றியது. கரித்துண்டால் வாசல் சிமெண்டில் வரைந்து வீட்டுக்காரருக்குக் காட்டினேன். அவரும் சரி என்றார். பழைய இரும்புக் கடையில் சதுர பைப் வாங்கினோம். கனமான ஆங்கிள் இரும்பு போட்டால் சட்டத்தின் பாரமே வண்டியைத் தின்றுவிடும் என்று மெலிசான பைப்பாகத்தான் பார்த்து எடுத்தேன்.

மரக்காணம் பஜாரில் ஒரு கேஸ் வெல்டிங் கடை இருந்தது. சைக்கிள் போர்க், சைலன்சர் எல்லாம் ஒட்டுகிறவர். சிடுசிடுப்பான ஆள். கேட்டது நான், ஆனால் பதிலை என் வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் சொன்னார். இந்தப் பைப்புக்குக் கரண்ட் வெல்டிங் ஆகாதாம். கரண்டில் இரும்பே உருகித்தான் இரும்போடு சேரும், மெலிசாக இருந்தால் பொத்துக்கொண்டு போய்விடும். கேஸில் இரும்பு சிவக்கிறதோடு சரி, பித்தளைக் கம்பி மட்டும் உருகி இடுக்கில் ஓடிப் பிடித்துக்கொள்ளும். சிலிண்டர் தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். ஒரு வாரம்தானே, காத்திருப்போம் என்று பைப்பைச் சுவரோரம் சாய்த்து வைத்தேன்.

அதற்குள் என் அண்ணன் வந்தார். பாண்டிச்சேரியில் இரும்புக் கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்கிற பட்டறையில் பல வருஷம் வேலை பார்த்து, அப்போதுதான் சொந்தமாக ஒரு கரண்ட் வெல்டிங் மிஷின் வாங்கியிருந்தார். எங்கள் அப்பா என் சின்ன வயதிலேயே போய்விட்டார். எனக்கு மாப்பிள்ளை பார்த்துக் கல்யாணம் செய்து வைத்தவர் அண்ணன்தான். அதை அவர் எந்த நாளும் மறந்ததில்லை, யாரையும் மறக்கவிட்டதும் இல்லை. பைப்பைப் பார்த்து விசாரித்தார். கேஸ் கடைக்குப் போகப்போகிறோம் என்று சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

"ஊருக்கெல்லாம் நான் கேட்டு வச்சுக் குடுக்கறேன். கூடப் பொறந்தவ வண்டிக்கு வெளியாள் வந்து ஒட்டணுமா?"

பைப் மெலிசாக இருக்கிறது, கரண்டில் நிற்காது என்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் சிரித்தார். என் வீட்டுக்காரர் என்னைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டு, மச்சான் மனசு நோகும், பேசாமல் இரு என்றார். வண்டியை ஓட்டப்போவது நான், மூட்டை ஏறப்போவது என் முதுகுக்குப் பின்னால். ஆனாலும் பேசாமல்தான் இருந்தேன்.

உப்பளத்து மோட்டார் கொட்டகையில் கரண்ட் எடுத்து வெல்டிங் வைத்தார். அவர் கொண்டுவந்திருந்தது கேட்டுக்கு வைக்கிற தடித்த வெல்டிங் ராடு. முதல் ஒட்டிலேயே பைப்பில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஓட்டை விழுந்தது. அதன்மேல் இன்னொரு சொட்டு, அதற்குமேல் இன்னொன்று என்று உருக்கி உருக்கி அடைத்தார். ஒவ்வொரு மூலையும் கரையான் புற்று மாதிரி புடைத்துக்கொண்டு நின்றது.

"ண்ணா, இங்க ஓட்ட வுழுந்துருக்குதே" என்றேன்.

"அடைச்சிட்டேன்ல. பெயிண்ட் அடிச்சா தெரியாது."

மூலைகளுக்குப் பட்டை வைத்துக் கூடுதலாகப் பிடிப்புக் கொடுக்கச் சொன்னேன். கிரில் வேலையை எனக்குச் சொல்லித்தர வந்துட்டா பார் என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு சில்வர் பெயிண்ட் டப்பாவைத் திறந்தார். சாயங்காலம் கேரியர் பளபளவென்று இருந்தது. தெருவே வந்து பார்த்தது.

கார்த்திகை பாதி வரைக்கும் நன்றாகவே ஓடியது. அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. தெருக்களில் உப்புக்குத் தட்டுப்பாடு. ஒரு ஈடு விற்றுவிட்டு மத்தியானத்துக்குள் திரும்பி, மறு ஈடும் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். எந்த வீட்டில் ஊறுகாய்க்கு எடுப்பார்கள், எந்த வீட்டில் மாட்டுக்கு எடுப்பார்கள் என்பதெல்லாம் அத்துப்படியாகிவிட்டது.

பிரம்மதேசத்துக்கு முன்னால் ஏரிக்கரை ஓரமாக ஒரு வளைவு. அன்றைக்குத் தூறல். ரோட்டில் ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியதும் வலப்பக்கத்தில் 'டக்' என்று கேட்டது. அந்தப் பக்கத்து மூட்டை கீழே போனது. மறுபக்கத்து மூட்டையின் பாரம் வண்டியை இழுத்துச் சாய்த்தது. என் இடது கால் அடியில் மாட்டிக்கொண்டது. எலும்பு முறிந்த சத்தத்தை நானே கேட்டேன்.

முதலில் ஓடிவந்தது ஒரு பெண். கையில் அன்னக்கூடை இருந்தது. சேறு படாத உப்பாகப் பார்த்து மேலாக அள்ளிக்கொண்ட பிறகுதான், "அடி பட்டுச்சாம்மா?" என்று கேட்டாள். வயலிலிருந்து வந்த இரண்டு பேர் வண்டியைத் தூக்கினார்கள். தரையில் கிடந்தபடி உடைந்த மூலையைப் பார்த்தேன். அண்ணன் வைத்த உருண்டை அப்படியே இருந்தது. அதை ஒட்டியிருந்த பைப்தான் காகிதம் மாதிரி கிழிந்திருந்தது.

ஆஸ்பத்திரிக்கு அண்ணன் வந்தார். அண்ணி வீட்டு ஆட்களும் வந்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்றவர்களிடம், ரெண்டு மூட்டைக்கு மேல் வைக்காதே என்று படித்துப் படித்துச் சொன்னேன், மூன்று மூட்டை வைத்துக்கொண்டு போயிருக்கிறாள் என்றார். அன்றைக்கும் இரண்டே மூட்டைதான். மூட்டைகளைத் தூக்கி வைத்தது என் வீட்டுக்காரர். அவர் அங்கேயே கால்மாட்டில் நின்றிருந்தார்.

"நீங்கதான தூக்கி வச்சீங்க. சொல்லுங்க, எத்தினி மூட்ட?" என்று கேட்டேன்.

அவர் தரையைப் பார்த்தார். "வுடு. மொதல்ல கால் குணமாவட்டும்."

அதற்குப் பிறகு யாரும் எதையும் கேட்கவில்லை. பொம்பளைக்கு எதற்கு வண்டி என்று ஒரு அம்மா சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தபோது வாசலில் மொபெட் இல்லை. அண்ணன் எடுத்துக்கொண்டு போய்விட்டார். இனிமேல் உனக்கு அது எதற்கு, மச்சானுக்காவது வேலைக்குப் போக ஆகும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். கேரியர் எங்கே என்று கேட்டேன். அறுத்துப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்றாம். உடைந்த மூலையை யாருக்காவது காட்டலாம் என்று ஆஸ்பத்திரியில் படுத்தபடி நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

அடுத்த வருஷம் பங்குனியில் அண்ணன் தன் மகளுக்கு மஞ்சள் நீராட்டு வைத்திருப்பதாகச் சொல்ல வந்தார். என் வண்டியில்தான் வந்தார். பின்னால் ஒரு புதுக் கேரியர், அதன்மேல் அவருடைய சாமான் பெட்டி. நான் நொண்டிக்கொண்டே வாசலுக்குப் போய் அதைக் கிட்டத்தில் பார்த்தேன். அதே மாதிரி மெலிசுப் பைப். ஒட்டுகளில் மஞ்சளாகப் பித்தளை ஓடியிருந்தது. ஓட்டை இல்லை, புடைப்பும் இல்லை.

"ண்ணா, இது கேஸ்ல வச்சதா?"

"ஆமாம்மா. பைப்பு மெலிசு. கரண்ட்ல வச்சா பொத்துக்கும்."

சாதாரணமாகத்தான் சொன்னார். ஞாபகமில்லாமல் சொன்னாரா, நான் என்ன செய்துவிடப் போகிறேன் என்று சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டில் எது என்றாலும் எனக்கு ஆறாது.

"அப்ப என் கால்?" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்து, "இன்னும் அதையே பேசினுருக்குது பாருங்க" என்றார். என் வீட்டுக்காரர், சாப்பிட வாங்க மச்சான் என்று உள்ளே அழைத்துக்கொண்டு போனார். இலை போட்டு அவரே பரிமாறினார். நான் வெளியிலேயே உட்கார்ந்திருந்தேன். சாப்பிட்டுவிட்டு வந்த அண்ணன், காலையிலேயே வந்துவிடு, அத்தைதான் முதலில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

போகமாட்டேன் என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். போனேன். போகாவிட்டால் காரணம் சொல்ல வேண்டும், அந்தக் காரணத்தை நம்ப ஒருத்தரும் இல்லை. அந்தப் பிள்ளை என்ன செய்தது? தலையில் தண்ணீர் ஊற்றிவிட்டு நிமிர்ந்தபோது கால் இழுத்தது. பந்தலில் யாரோ, மூன்று மூட்டை ஏற்றிக்கொண்டு போய் விழுந்தாளே, இவள்தான் அது என்று அடையாளம் சொன்னது என் காதில் விழுந்தது. போட்டோவுக்கு நிற்கச் சொன்னார்கள். அண்ணனுக்குப் பக்கத்தில் நின்றேன்.

அந்தக் கோடையில் உப்பு பாக்கெட் போடுகிற கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தேன். உட்கார்ந்தே செய்கிற வேலை, அதனால் எடுத்துக்கொண்டார்கள். அள்ளிப் போட்டு, மிஷினில் வாய் ஒட்டி, பெட்டியில் அடுக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் விரல் நுனியெல்லாம் எரியும். லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும். எந்த ஊருக்குப் போகிறது என்று யாரும் எங்களிடம் சொல்வதில்லை.