தோசைக்கல்லில் நின்ற ஆன்டெனா

மஸ்கட்டிலிருந்து அப்பா லீவில் வருகிற விமானத்தை என் சொந்த ஆன்டெனாவில் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. விமானங்கள் பறக்கும்போது தாங்கள் யார், எங்கே, எவ்வளவு உயரத்தில் என்று ரேடியோவில் ஓயாமல் சொல்லிக்கொண்டே வரும். அதைக் கேட்கிற பென் டிரைவ் அளவு ரிசீவர் என்னிடம் இருந்தது. ஆன்டெனாதான் பாக்கி. போனில் ஆப் இருக்கிறதே என்பீர்கள். அது யாரோ பிடித்த மீனைச் சந்தையில் வாங்குகிற மாதிரி. எனக்குத் தூண்டில் போட வேண்டும்.

கூடப் படிக்கிற தோழி, மீன்முள் போலக் குறுக்குக் கம்பிகள் வைத்த ஆன்டெனாவைத்தான் வாங்கச் சொன்னாள்.

“மக்கா, அதுக்க ரேஞ்சு தெரியுமா? திருவனந்தபுரம் ஏர்போர்ட்டப் பாத்துத் திருப்பி வச்சாப் போதும்.”

“திருப்பின பக்கம் மட்டும்தான கேக்கும்? காத்து மாறினா பிளேன் எந்தப் பக்கமா சுத்தி இறங்கும்னு உனக்குத் தெரியுமா?”

“அப்போ நீயும் கூடக்கூடத் திருப்பு!”

நெய்யூரில் எங்கள் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் பாதிதான் கட்டியிருக்கிறது. ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே நான் கீழே போய்விடக்கூடாது. சுற்றிலும் ஒரேபோலக் கேட்கிற ஒற்றைக் கம்பி போதும் என்று முடிவு செய்தேன். விலையும் அதற்குத்தான் கம்மி.

வடசேரியில் ஒரு கடையில் கார் கூரையில் ஒட்டுகிற, அடியில் காந்தம் வைத்த ஆன்டெனா கிடைத்தது. கடைக்காரர் நீளமானதை எடுத்து நீட்டினார்.

“குட்டையானது போதும் அண்ணா. அதையும் வெட்டத்தான் போறேன்.”

“வாங்கிட்டா வெட்டுவ?”

விமானத்தின் அலை மிகவும் சின்னது. அதற்கு ஒரு விரல் நீளக் கம்பி போதும் என்று விளக்கினேன். அவர் என்னை ஒருமுறையும் கம்பியை ஒருமுறையும் பார்த்துவிட்டு, “வெட்டினப்புறம் திருப்பி எடுக்க மாட்டேன், கேட்டியா” என்றார்.

எங்கள் பக்கம் கல்ஃபிலிருந்து ஒருவர் வந்தால் வேன் நிறைய ஆள் போய்த்தான் கூட்டிவர வேண்டும். அப்பா வருகிற அன்று காலை வேன் வாசலில் நின்றது. அக்கா மாடியைப் பார்த்துக் கத்தினாள்.

“ஏட்டி, வாறியா இல்லியா? அப்பா வெளிய வந்ததும் உன்னத்தான் தேடுவாரு!”

அது சுருக்கென்று தைத்தது. விமானம் சிக்காவிட்டால் அப்பாவை முதலில் பார்ப்பதும் போச்சு, ஆன்டெனாவும் போச்சு. “நீ போ” என்றேன். வேன் போய்விட்டது.

லேப்டாப் திரையில் ஒன்றுமே இல்லை. தண்ணீர்த்தொட்டியின் பிளாஸ்டிக் மூடிமேல் ஆன்டெனாவை வைத்திருந்தேன். தோழிக்குப் போன் போட்டேன்.

“லூசு, அது கார் கூரையில நிக்க வேண்டியது. அடியில தகடு வேணும்லா!”

சமையலறைக்கு ஓடி, கைக்குக் கிடைத்த தட்டுகளை மாடிக்குக் கொண்டுவந்தேன். எவர்சில்வர் தாம்பாளத்தில் காந்தம் ஒட்டவில்லை, ஆன்டெனா காற்றில் சாய்ந்தது. பித்தளைத் தட்டிலும் அதே கதை. மறுபடி கீழே ஓடினேன், அடுப்பருகே இரும்புத் தோசைக்கல் இருந்தது. தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன்.

“எனக்க தோசைக்கல்ல எங்கட்டி கொண்டு போற?” அம்மா கரண்டியோடு பின்னாலேயே மாடி ஏறி வந்தாள். “அவுக வந்ததும் எதுல தோசை ஊத்த?”

காந்தம் கல்லை டக்கென்று கவ்விக்கொண்டது. திரையில் ஒரு விமானம். பிறகு இன்னொன்று. மூன்றாவதன் எண்ணை அப்பா அனுப்பியிருந்த டிக்கெட்டோடு ஒத்துப் பார்த்தேன்.

“அம்மா! அப்பாக்க பிளேன்!”

அம்மா கரண்டியை விடாமல் குனிந்தாள். திரையில் அந்தச் சின்ன விமானம் திருவனந்தபுரத்தைத் தாண்டித் தெற்கே வந்துகொண்டிருந்தது.

“ஐயோ, இறங்காமப் போகுதே!”

“காத்து மாறியிருக்கு. சுத்தி வந்து இறங்கும்.”

குளச்சல் கடலுக்கு மேலே வந்து வளைந்தது. நிமிர்ந்து மேற்கே பார்த்தோம். தென்னைகளுக்கு மேலே வெள்ளையாக மின்னியது. அம்மா கரண்டியை ஆட்டினாள். நானும் ஆட்டினேன், கையில் கிடைத்தது பித்தளைத் தட்டு.

தாழத் தாழச் சிக்னல் மங்கி, திரையிலிருந்து மறைந்தது.  கொஞ்ச நேரத்தில் போன் அடித்ததும் அம்மா அதை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

“நான் இறங்கி…” என்றார் அப்பா.

“தெரியும், தெரியும். குளச்சல் பக்கம் வளையும்போதே பாத்தாச்சு. நீங்க எங்களப் பாத்தியளா?”

“எனக்கு நடு சீட்டுல்லா.”

“போட்டும்,” என்றாள் அம்மா. “நான் கைய ஆட்டினேன்.”